ஆட்டோகேட் வரைபடத்தில் காணாமல் போன கோடுகளும் லேயர்களைச் சரிசெய்த விதமும்

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் போட்ட, இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் வரைபடத்தைச் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஒரே டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட) கோப்பு. இரண்டு தளங்களின் பிளான், மின்சாரம், குழாய் வேலை, ஃபால்ஸ் சீலிங், மேசை நாற்காலி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. தூண்களும் கிரிட் கோடுகளும் (தூண்களின் அச்சுக் கோடுகள்) மட்டும் இன்னொரு கோப்பிலிருந்து எக்ஸ்ரெஃபாக, அதாவது இணைத்துக் காட்டும் வெளிக் கோப்பாக, வந்து சேர்ந்திருந்தன. பல கை மாறிய கோப்பு என்பது லேயர் (கோடுகளை வகைவாரியாகப் பிரித்து வைக்கும் அடுக்கு) பட்டியலைத் திறந்த உடனேயே தெரிந்தது. முந்நூறுக்கும் மேல் லேயர்கள். அவற்றில் பாதிக்கு ‘லேயர்1’, ‘புதிது’, ‘டெம்ப்’ என்று பெயர்.

கோப்போடு வந்த புகார்கள் இவை. சீலிங் கிரிட்டை (ஃபால்ஸ் சீலிங்கின் சட்டக் கோடுகளை) மறைத்தால் சில சமயம் விளக்குகளும் சேர்ந்து மறைகின்றன, சில சமயம் மறைவதில்லை. மேசை நாற்காலிகளைக் காணவில்லை. கிரிட் கோடுகளை மறைத்துச் சேமித்தாலும் அடுத்த முறை திறக்கும்போது திரும்ப வந்து நிற்கின்றன. திரையில் தெளிவாகத் தெரியும் ஒரு சுவர் பிரிண்டில் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரத் தாளுக்காக எதை மறைத்தாலும் மற்ற தாள்களிலும் அது மறைந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு முறை பிரிண்ட் எடுக்கும்போதும் யாராவது உட்கார்ந்து லேயர் பட்டியலில் பல்புகளை (லேயரைக் காட்டி மறைக்கும் குறிகளை) ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஐந்து புகாருக்கும் ஐந்து வெவ்வேறு காரணங்கள். ஆனால் அடியில் ஒரே பழக்கம்தான் இருந்தது: எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை மாடல் ஸ்பேஸிலேயே, அதாவது கட்டடத்தை வரையும் இடத்திலேயே, முடிவு செய்வது. அந்த முடிவு தாளுக்கு, அதாவது பிரிண்டுக்கான லேஅவுட்டுக்கு, உரியது என்பது என் உறுதியான கருத்து. கணினி வருவதற்கு முன்பு, பாலியெஸ்டர் படலங்களில் சுவர் ஒன்றில், மின்சாரம் ஒன்றில், குழாய் ஒன்றில் என்று வரைந்து, ஓரத்தில் துளையிட்டு, பின் பதித்த பட்டையில் மாட்டி வைத்தார்கள். எந்தப் படலங்களைச் சேர்த்து நகல் எடுப்பது என்பதை நகல் எடுக்கும்போதுதான் தீர்மானித்தார்கள். சுவர் வரைந்த படலம் எப்போதும் முழுமையாகவே இருந்தது. லேயர் என்ற ஏற்பாடும் அதே வேலையைத்தான் செய்கிறது. வேலை முழுக்க அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டே போனேன்.

வந்தபடியே ஒரு நகல்

கோப்பை வேறு பெயரில் சேமித்து, முதலில் ஆடிட் கட்டளை கொடுத்துக் கோப்பில் பழுது இருக்கிறதா என்று பார்த்தேன். அடுத்து, எதையும் தொடுவதற்கு முன் லேயர் ஸ்டேட் மேனேஜரைத் திறந்து, அப்போதிருந்த நிலையை ‘வந்தபடி’ என்ற பெயரில் பதிவு செய்தேன். எந்த லேயர் ஆன், எது ஃப்ரீஸ், எது லாக், என்ன நிறம், பிரிண்டில் வருமா வராதா என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். பிற்பாடு குழம்பினால் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். லாஸ் என்ற நீட்சியுள்ள தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு வரைபடத்திலும் பயன்படுத்தலாம்.

இடையிடையே செய்யும் சின்ன மாற்றங்களுக்கு லேயர்பி என்ற கட்டளை கைகொடுக்கும். கடைசியாக லேயர் நிலையில் செய்த மாற்றத்தை மட்டும் அது திருப்பும், வரைந்த கோடுகளைத் தொடாது. ஆனால் லேயரின் பெயரை மாற்றியது, நீக்கியது, புதிதாகச் சேர்த்தது ஆகியவற்றை அது திருப்பாது. அதனால்தான் லேயர் ஸ்டேட்டை முதலிலேயே பதிந்து வைத்தேன்.

அப்புறம் லேவாக். கட்டளையைக் கொடுத்தால் லேயர்கள் ஒரு சிறு பெட்டியில் பட்டியலாக வரும். ஒரு பெயரைச் சொடுக்கினால் அந்த லேயரில் உள்ளவை மட்டும் திரையில் தெரியும். அம்புக்குறி விசையால் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகலாம். சுவர் லேயரை இருமுறை சொடுக்கினால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்து, அது எப்போதும் தெரிந்தபடி நிற்கும். அதைப் பின்னணியாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்த்தால் எது எங்கே இருக்கிறது என்று புரியும். வெளியேறும்போது பழைய நிலைக்குத் திரும்பும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அறிமுகமில்லாத வரைபடத்தைப் படிக்க இதைவிட நல்ல வழி ஆட்டோகேடில் இல்லை என்றே நினைக்கிறேன். பெயரைப் பார்த்து ஊகிப்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது மேல். இந்தக் கோப்பில் ‘டெம்ப்’ என்ற லேயரில்தான் மாடிப்படியே இருந்தது.

காணாமல் போன மேசை நாற்காலிகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஃபர்னிச்சர் லேயர் ஃப்ரீஸ் ஆகியிருந்தது. சரி, எடுத்துவிட்டால் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எடுத்துவிட்டேன். ஒரே ஒரு அறையில் மட்டும் நாற்காலிகள் வந்தன. மற்ற அறைகள் வெறுமையாகவே இருந்தன.

ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் (வரைந்தவை எல்லாம் திரையில் அடங்கக் காட்டும் கட்டளை) கொடுத்ததும் காரணம் தெரிந்தது. கட்டடம் திரையின் ஒரு மூலைக்குச் சுருங்கிப் போய், எதிர் மூலையில் வெகு தூரத்தில் மேசைகளும் நாற்காலிகளும் தனியாக அடுக்கி நின்றன. ஃப்ரீஸ் ஆகியிருந்த மற்ற லேயர்களையும் திறந்து பார்த்தால், அவற்றோடு தரை டைல்ஸ் கோடுகளும், இடிக்க வேண்டிய பழைய தடுப்புச் சுவர்களும் இருந்தன. இந்த மூன்று லேயர்களும்தான் ஃப்ரீஸ் ஆகியிருந்தவை.

என்ன நடந்திருக்கிறது என்பதை இப்போது சொல்லிவிடலாம். முன்பு எப்போதோ ஒருவர் முழு பிளானையும் நகர்த்தி, கீழ் இடது கிரிட் சந்திப்பை 0,0 புள்ளிக்குக் கொண்டுவந்திருக்கிறார். கன்ட்ரோல்-ஏ அழுத்தியோ, செலக்‌ஷனில் ஆல் என்று கொடுத்தோ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்திருப்பார். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது, ஆஃப் செய்த லேயர்களில் உள்ளவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தேர்வில் சேர்ந்துவிடும். ஃப்ரீஸ் செய்தவை சேராது. ஆக, ஆஃப் ஆகியிருந்தவை கட்டடத்தோடு கூடவே நகர்ந்தன, ஃப்ரீஸ் ஆகியிருந்தவை பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஜூம் எக்ஸ்டென்ட்ஸும் ஃப்ரீஸ் ஆனவற்றைக் கணக்கில் எடுக்காது என்பதால், யாருக்கும் அது தெரியாமலே போயிருக்கிறது.

அந்த ஒரு அறையின் நாற்காலிகள் மட்டும் எப்படிச் சரியான இடத்தில் இருந்தன? அவை ஒரு பிளாக்குக்குள் (பல கோடுகளை ஒரே பொருளாகக் கட்டியது) இருந்தன. அந்தப் பிளாக் செருகப்பட்டிருந்தது சுவர் லேயரில். சுவர் லேயர் திறந்திருந்ததால் பிளாக் நகர்ந்தது, உள்ளே ஃப்ரீஸ் ஆகியிருந்த நாற்காலிகளும் அதோடு போயின. என் ஊகம் சரிதான் என்று உறுதிப்படுத்தியது இந்த அறைதான்.

ஆஃப், ஃப்ரீஸ் இரண்டையும் ஒன்றுபோல் நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டிலும் கோடு தெரியாது, பிரிண்டிலும் வராது. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. ஆஃப் ஆன லேயரை நிரல் இன்னமும் கணக்கில் வைத்திருக்கும். ரீஜென் (திரையை மறுபடி கணக்கிட்டு வரைவது) நடக்கும்போது அதையும் சேர்த்தே கணக்கிடும், ஆல் என்றால் அதையும் எடுக்கும். எரேஸ் கொடுத்து ஆல் என்று சொன்னால் ஆஃப் ஆனவையும் அழிந்துவிடும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணில் படாதது அழிந்தால் அழிந்ததும் தெரியாது. ஃப்ரீஸ் ஆனதை நிரல் கணக்கிலேயே எடுக்காது. பெரிய கோப்புகளில் ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) நிறைந்த லேயர்களை ஃப்ரீஸ் செய்தால் ரீஜென் வேகமாவதும் இதனால்தான். நடப்பு லேயரை ஃப்ரீஸ் செய்ய முடியாது, ஆஃப் செய்ய முடியும். அப்படி ஆஃப் செய்துவிட்டு வரைந்தால், வரைகிற கோடு வரைந்த கையோடு மறையும்.

லாக் மூன்றாவது வகை. தெரியும், பிரிண்டில் வரும், அதன் முனைகளைத் துல்லியமாகப் பிடிக்கும் ஸ்நாப் வேலை செய்யும், திருத்த மட்டும் முடியாது. நகர்த்தும்போது லாக் ஆனவையும் பின்தங்கிவிடும். ஆனால் அவை கண்ணெதிரே பின்தங்குவதால் உடனே தெரிந்துவிடும்.

திருத்தம் எளிது. இடிக்க வேண்டிய தடுப்புச் சுவரின் ஒரு முனை வெளிச்சுவரின் உள்மூலையைத் தொட வேண்டும் என்பது பழைய பிரிண்டில் தெளிவாக இருந்தது. கட்டடத்தின் லேயர்களை எல்லாம் லாக் செய்துவிட்டு, தூரத்துக் கூட்டத்தை முழுதாக விண்டோ போட்டுத் தேர்ந்தெடுத்து, மூவ் கட்டளையில் அந்த முனையை அடிப்படைப் புள்ளியாகவும் உள்மூலையைச் சேருமிடமாகவும் கொடுத்தேன். இரண்டு புள்ளிகளும் எண்ட்பாயிண்ட் ஸ்நாப்பில் பிடித்தவை. ஒரு புள்ளி பொருந்துவது போதாது. நகர்த்தியவர் சற்றுத் திருப்பியும் இருந்தால் மற்ற இடங்கள் விலகி நிற்கும். அதனால் கட்டடத்தின் மறுகோடியில் இன்னொரு தடுப்புச் சுவர் முனையையும் சரிபார்த்தேன். அதுவும் பொருந்தியது. திருப்பம் இல்லை, வெறும் நகர்வுதான்.

இதே மாதிரி வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், முழுதாக நகர்த்துவதற்கு முன் எல்லா லேயர்களையும் ஆன் செய்து, ஃப்ரீஸ் எடுத்து, லாக் திறந்துவிட்டு நகர்த்துங்கள். பழைய நிலை லேயர் ஸ்டேட்டில் இருக்கிறதே, நகர்த்திய பிறகு திரும்ப வரலாம்.

விளக்குகள் சில சமயம் மறைவது ஏன்

இந்தப் புகாரைச் சொன்னவர்கள் மென்பொருளிலேயே கோளாறு என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் ஆட்டோகேட் இதில் மிகக் கறாராக ஒரே விதியைத்தான் பின்பற்றுகிறது.

பிளாக்குக்கு இரண்டு லேயர் கணக்கு உண்டு. பிளாக்கை எந்த லேயரில் செருகினோம் என்பது ஒன்று. பிளாக்குக்குள் இருக்கும் கோடுகள் எந்த லேயரில் வரையப்பட்டவை என்பது இன்னொன்று. செருகிய லேயரை ஃப்ரீஸ் செய்தால் பிளாக் முழுதும் போய்விடும், உள்ளே எந்த லேயர் இருந்தாலும் சரி. செருகிய லேயரை ஆஃப் செய்தால், அந்த லேயரிலேயே உள்ள கோடுகளும் 0 லேயரில் (எல்லா வரைபடத்திலும் இருக்கும் அடிப்படை லேயர்) வரையப்பட்ட கோடுகளும் மட்டும் மறையும். வேறு லேயரில் வரையப்பட்டவை அப்படியே தெரியும்.

இந்தக் கோப்பில் விளக்குப் பிளாக்குகள் சீலிங் கிரிட் லேயரில் செருகப்பட்டிருந்தன, உள்கோடுகள் விளக்கு லேயரில் இருந்தன. கிரிட்டை ஆஃப் செய்தவருக்கு விளக்குகள் தெரிந்தன. ஃப்ரீஸ் செய்தவருக்குத் தெரியவில்லை. இருவரும் ‘கிரிட்டை மறைத்தேன்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து செலக்ட் சிமிலர் கொடுத்தால் அதே பிளாக்கின் மற்ற செருகல்களும் தேர்வாகும். ப்ராப்பர்ட்டீஸில் லேயரை விளக்கு லேயருக்கு மாற்றினேன். ஒவ்வொரு வகை விளக்குக்கும் இதையே செய்தேன். அதோடு பிளாக் எடிட்டரில் உள்கோடுகளை 0 லேயருக்குக் கொண்டுபோய், நிறம், லைன்டைப் எல்லாவற்றையும் பைலேயர் (லேயர் சொல்வதையே பின்பற்றும் அமைப்பு) ஆக்கினேன். இப்போது விளக்கை எந்த லேயரில் செருகினாலும் அது அந்த லேயரின் குணத்தை எடுத்துக்கொள்ளும். மறைந்தால் முழுதாக மறையும், தெரிந்தால் முழுதாகத் தெரியும்.

எல்லாப் பிளாக்குக்கும் இது பொருந்தாது. கதவுப் பிளாக்கில் பலகை ஒரு லேயரிலும், திறக்கும் வளைவு இன்னொரு லேயரிலும், நிலைக்கு மேலே உள்ள லின்டல் கோடு மூன்றாவதிலும் இருப்பது நியாயமே. சீலிங் தாளில் லின்டல் வேண்டும், வளைவு வேண்டாம். அப்படிப்பட்ட பிளாக்குகளின் உள் லேயர்களை விட்டுவைத்து, செருகும் லேயரை மட்டும் 0 ஆக்கினேன். அதற்கு ஒரு நிபந்தனை: 0 லேயரை யாரும் ஃப்ரீஸ் செய்யவே கூடாது.

திரும்பி வரும் கிரிட் கோடுகள், பிரிண்டில் வராத சுவர்

இவை இரண்டும் சீக்கிரம் முடிந்தன. எக்ஸ்ரெஃபாக வரும் கோப்பின் லேயர்கள், கோப்பின் பெயர், ஒரு செங்குத்துக் கோடு, லேயரின் பெயர் என்ற வடிவில் பட்டியலில் தெரியும். அவற்றை நடப்பு லேயராக்க முடியாது, ஆனால் ஆஃப், ஃப்ரீஸ், நிறம் எல்லாம் நம் கோப்பில் மாற்றலாம். அந்த மாற்றம் நிலைக்குமா என்பதை விஸ்ரீடெய்ன் என்ற சிஸ்டம் வேரியபிள் தீர்மானிக்கிறது. அதன் மதிப்பு 1 என்றால் நம் மாற்றம் நிலைக்கும். 0 என்றால், ரீலோட் ஆகும்போது மூலக் கோப்பில் உள்ள நிலையே திரும்ப வரும். இந்தக் கோப்பில் 0. வழக்கமாக 1 ஆகவே இருக்கும், யாரோ மாற்றியிருக்கிறார்கள். 1 ஆக்கிச் சேமித்தேன். கூடவே எக்ஸ்ரெஃபுக்கென்று தனி லேயர் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்தேன். எக்ஸ்ரெஃபும் பிளாக் போலத்தான்: அது அமர்ந்திருக்கும் லேயரை ஃப்ரீஸ் செய்தால் முழுதும் மறையும். முன்பு அது டைமென்ஷன் லேயரில் அமர்ந்திருந்தது.

பிரிண்டில் வராத சுவர், டெஃப்பாயிண்ட்ஸ் லேயரில் வரையப்பட்டிருந்தது. டைமென்ஷன் போட்ட உடனே ஆட்டோகேட் தானாக உண்டாக்கும் லேயர் அது. அதில் உள்ள எதுவும் பிரிண்டில் வராது, அதை மாற்றவும் விடாது. பிரிண்டில் வரக் கூடாத துணைக் கோடுகளை அதில் போடும் வழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிண்ட் அணைக்கப்பட்ட ஒரு லேயரை நாமே உண்டாக்கி ‘பிரிண்ட்-இல்லை’ என்று பெயர் வைத்தால் அடுத்தவருக்கும் புரியும். வியூபோர்ட்டின் (தாளில் மாடலைக் காட்டும் சன்னலின்) சட்டக் கோடுகளையும் அந்த லேயரில் வைத்தேன். க்யூசெலக்ட் மூலம் டெஃப்பாயிண்ட்ஸில் இருந்த கோடுகளைத் தேர்ந்தெடுத்துச் சுவர் லேயருக்கு மாற்றியதும் சுவர் பிரிண்டில் வந்துவிட்டது.

பெயர்களும் கூட்டிச் சேர்த்தலும்

முந்நூறு லேயர்களை வைத்துக்கொண்டு தாள்வாரியாக எதையும் முடிவு செய்ய முடியாது. முன்னெழுத்து முறையில் பெயர்களை மாற்றினேன்: கட்டடக்கலைக்கு ‘ஏ’, மின்சாரத்துக்கு ‘ஈ’, குழாய்க்கு ‘பி’, கட்டமைப்புக்கு ‘எஸ்’. ‘ஏ-வால்’, ‘ஏ-டோர்’, ‘ஈ-லைட்’ என்ற இந்த அமைப்பு அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம் 1990-இல் வெளியிட்ட லேயர் வழிகாட்டியிலிருந்து பரவியது. ஐஎஸ்ஓ 13567 என்ற பன்னாட்டுத் தரம் 1998-இல் வந்தது. அதில் பொறுப்பாளருக்கு 2 எழுத்து, உறுப்புக்கு 6 எழுத்து, காட்டும் விதத்துக்கு 2 எழுத்து என்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எதைப் பின்பற்றினாலும் பயன் ஒன்றுதான்: லேயர் மேனேஜரில் ‘ஈ-’ என்று தொடங்குபவை எல்லாம் என்று ஒரு ப்ராப்பர்ட்டி ஃபில்டர் போட்டால், நாளை புதிதாக வரும் மின்சார லேயரும் தானாக அதில் சேர்ந்துகொள்ளும்.

ஒரே வேலைக்கு இருந்த பல லேயர்களை லேமர்ஜ் கட்டளையால் ஒன்றாக்கினேன். பிளாக்குக்குள் இருப்பவற்றையும் அது மாற்றிவிடும் என்பது பெரிய உதவி, பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்கும் கட்டளை) மறுக்கும் பல லேயர்கள் இதில்தான் ஒழிந்தன. லேடெல் கட்டளையைத் தொடவே இல்லை. அது லேயரை அதிலுள்ள பொருள்களோடு சேர்த்து அழிக்கும், பிளாக் வரையறைகளுக்குள்ளும் கை வைக்கும். யார் எதற்கு வரைந்தது என்று தெரியாத கோப்பில் அதைப் பயன்படுத்த எனக்கு மனமில்லை.

தாளின் வேலை தாளில்

இனிமேல்தான் உண்மையான மாற்றம். மாடல் ஸ்பேஸில் எல்லா லேயர்களையும் ஆன் செய்து, ஃப்ரீஸ் எடுத்துவிட்டேன். பார்க்கச் சகிக்காது. எழுத்தின் மேல் எழுத்து, ஹேட்ச் மேல் டைல்ஸ். இருக்கட்டும், அதுதான் சரி. வியூபோர்ட்டால் மறைக்க மட்டுமே முடியும். மாடலில் ஒட்டுமொத்தமாக ஃப்ரீஸ் ஆனதை எந்த வியூபோர்ட்டாலும் காட்ட முடியாது. ஆகவே எல்லாம் திறந்திருந்தால்தான் ஒவ்வொரு தாளும் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ள முடியும்.

முதலில் கட்டடக்கலைத் தாள். லேஅவுட்டில் வியூபோர்ட்டுக்குள் இருமுறை சொடுக்கி நுழைந்து, லேயர் மேனேஜரில் வலப்பக்கம் தள்ளிப் போனால் விபி (வியூபோர்ட்) ஃப்ரீஸ் என்ற பத்தி வரும். ஃபில்டரில் மின்சார லேயர்களை மட்டும் காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒன்றில் சொடுக்கினால் எல்லாம் அந்த வியூபோர்ட்டில் மட்டும் மறையும். குழாய், சீலிங் லேயர்களுக்கும் அப்படியே. மாடலில் எதுவும் மாறாது, அடுத்த தாளிலும் மாறாது.

அதே தளத்துக்கு அடுத்த தாள் வேண்டும் என்றால், இருக்கும் வியூபோர்ட்டை நகலெடுத்து ஒட்டுவதே நல்லது. எந்தெந்த லேயர் மறைந்திருக்கிறது என்பதும் கூடவே வரும், வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும். மேட்ச் ப்ராப்பர்ட்டீஸ் தூரிகையால் ஒரு வியூபோர்ட்டின் குணத்தை இன்னொன்றுக்குத் தடவினால் ஸ்கேல், டிஸ்பிளே லாக் போன்றவை போகும், லேயர் ஃப்ரீஸ் நிலை போகாது. பலர் இதை எதிர்பார்த்து ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மின்சாரத் தாளில் கட்டடம் மங்கலாகவும் மின்சாரம் அழுத்தமாகவும் வர வேண்டும். முன்பு இதற்காகச் சுவர்களை நகலெடுத்துச் சாம்பல் நிற லேயரில் இன்னொரு முறை வைத்திருந்தார்கள். சுவர் மாறும்போது நகல் மாறாது. அதைவிட ஆபத்தான ஏற்பாடு கிடையாது. ஆட்டோகேட் 2008 முதல் வியூபோர்ட்டுக்கென்றே நிறம், லைன்டைப், கோட்டுத் தடிமன் ஆகியவற்றை மாற்றும் வசதி இருக்கிறது. மின்சாரத் தாளின் வியூபோர்ட்டில் ‘ஏ-’ லேயர்கள் அனைத்துக்கும் விபி கலரை 8 (சாம்பல்) ஆக்கினேன். அந்த இரட்டைச் சுவர்களை அழித்துவிட்டேன்.

ஆனால் பாதிக் கதவுகள் பச்சையாகவே நின்றன. அந்தக் கோடுகளுக்கு நிறம் நேரடியாகக் கொடுக்கப்பட்டிருந்தது, பைலேயர் இல்லை. லேயர் சொல்வதை அவை கேட்காது. செட்பைலேயர் கட்டளையில் பிளாக்குகளையும் சேர்க்கச் சொல்லிக் கொடுத்ததும் எல்லாம் சாம்பலுக்கு வந்தன. பிரிண்ட் எடுத்தால் மறுபடியும் கருப்பு! காரணம் மோனோகுரோம் சிடிபி (எந்த நிறம் பிரிண்டில் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் கோப்பு). அது 255 நிறங்களையும் கருப்பாக்கிவிடும். அதை நகலெடுத்து வேறு பெயரில் வைத்து, 8-ஆம் நிறத்துக்கு மட்டும் ஸ்கிரீனிங்கை (மை அடர்த்தியை) 100-இலிருந்து 50 ஆகக் குறைத்தேன். இப்போது மங்கலான சுவர், கருத்த வயரிங்.

இன்னும் ஒரு ஓட்டை அடைக்க வேண்டியிருந்தது. யாராவது நாளை புதிய மின்சார லேயர் ஒன்றை உண்டாக்கினால், அது எல்லாத் தாள்களிலும் தலைகாட்டும். ஏற்கெனவே உள்ள லேயரை, இனி உண்டாகும் வியூபோர்ட்டுகளில் மறைக்க நியூ விபி ஃப்ரீஸ் பத்தி உண்டு. ஆனால் இருக்கும் வியூபோர்ட்டுகளில் மறைக்க அது போதாது. லேயர் பெயரில் வலச் சொடுக்கு செய்து, நடப்பு வியூபோர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் விபி ஃப்ரீஸ் செய்யும் தேர்வைப் பயன்படுத்த வேண்டும். இதை ஒரு குறிப்பாக எழுதி, தாளின் வெளியே பிரிண்ட்-இல்லை லேயரில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு லேயர் ஸ்டேட்டையும் சேமித்துவிட்டேன். யாராவது கலைத்தாலும் அந்த வியூபோர்ட்டுக்குள் நுழைந்து மீட்டெடுத்தால் போதும்.

லேயரில் பழி இல்லாத மறைவுகள்

லேயர் எல்லாம் சரியாக இருந்தும் சில இடங்களில் பொருள்கள் தெரியவில்லை. மேல்தளத் தாளில் அறைப் பெயர்களைக் காணோம். அவை அனோடேட்டிவ் (ஸ்கேலுக்கு ஏற்பத் தன் அளவை மாற்றிக்கொள்ளும்) எழுத்துகள், அந்த வியூபோர்ட்டின் ஸ்கேல் அவற்றில் சேர்க்கப்படவில்லை. ஸ்கேலைச் சேர்த்ததும் வந்தன. ஒரு கழிவறையில் பாதிக் குழாய்கள் மறைந்திருந்தது வைப்அவுட்டால் (பின்னால் உள்ளதை மறைக்கும் வெற்றுப் பரப்பு), டிரா ஆர்டரில் அதைப் பின்னுக்குத் தள்ளியதும் சரியானது. இவை தவிர ஐசோலேட் ஆப்ஜெக்ட்ஸ் கட்டளையால் மறைத்தவை, டைனமிக் பிளாக்கின் விசிபிலிட்டி நிலை, எக்ஸ்கிளிப்பால் வெட்டுப்பட்ட எக்ஸ்ரெஃப் என்று வேறு காரணங்களும் உண்டு. லேயர் பட்டியலில் ஒரு மணி நேரம் தேடுவதற்கு முன் இவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

அளவு கணக்கெடுப்பவருக்கு டிஎக்ஸ்எஃப் (பிற நிரல்களும் படிக்கக்கூடிய வரைபட வடிவம்) கோப்பாகவும் கொடுக்க வேண்டியிருந்தது. அதை நோட்பேடில் திறந்து பார்த்தால் இவ்வளவு நேரம் பேசிய வித்தியாசம் எண்களாகவே தெரியும். லேயரின் நிறம் 62 என்ற குறியீட்டின் கீழ் இருக்கும். லேயர் ஆஃப் என்றால் அந்த நிற எண் மைனஸாகிவிடும்: சிவப்பு 1, ஆஃப் ஆன சிவப்பு -1. ஃப்ரீஸ் இருப்பது வேறு இடத்தில், 70 என்ற குறியீட்டில். அங்கே 1 என்றால் ஃப்ரீஸ், 4 என்றால் லாக், இரண்டும் என்றால் 5. இரண்டும் தனித்தனி இடம் என்பதால் ஒரு லேயர் ஆஃப் ஆகவும் ஃப்ரீஸ் ஆகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஃப்ரீஸ் எடுத்தும் ஒன்று தெரியவில்லை என்றால் பல்பையும் பாருங்கள். கணக்கெடுப்பவரின் நிரல் 62-ஐ மட்டும் பார்த்து மறைந்த லேயர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தது. அதனால் ஃப்ரீஸ் ஆகியிருந்த பழைய தடுப்புச் சுவர்களும் முன்பு செங்கல் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. இப்போது அவை இடிப்பு வேலைக்கென்று தனிப் பெயருள்ள லேயரில் இருக்கின்றன, பெயரை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

கோப்பை மூடித் திறந்து, எக்ஸ்ரெஃபை ரீலோட் செய்து, எல்லாத் தாள்களையும் பப்ளிஷ் கட்டளையால் ஒரே மூச்சில் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தேன். கிரிட் கோடுகள் திரும்பி வரவில்லை, விளக்குகள் இடத்தில் இருந்தன, யாரும் பல்பைத் தொட வேண்டியிருக்கவில்லை. மிச்சம் இருப்பது கழிவறைச் சாதனங்களின் பிளாக்குகள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய அவை ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து லேயர்களைச் சொந்தமாகக் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றையும் 0 லேயருக்கு மாற்றினால் பட்டியல் பாதியாகும். அடுத்த திருத்தத்துக்குக் கோப்பு திரும்பி வரும்போது அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன்.